பேஸ்மேக்கரும் பாய்க்கினும்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை வைத்து மூன்று வாரம் ஆகியும் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால், சட்டை மாட்டிவிட மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். பாலிடெக்னிக்கில் ஏணி இல்லாமல் ஆன்டெனா கட்டியவன் நீ. செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதே, அது மட்டும் என் பங்குக்கு ஒரு புத்திமதி.

சரி, உன் பேத்தியின் பேச்சுப் போட்டி விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்மேக்கரைக் கண்டுபிடித்தவர் ஓட்டிஸ் பாய்க்கின் என்ற கறுப்பின அமெரிக்கர், அவரே கடைசியில் இதயம் செயலிழந்து இறந்தார், "என் தாத்தாவின் நெஞ்சில் அவர்தான் துடிக்கிறார்" என்று முடிக்கப் போகிறாள் என்றாய். கேட்கவே நன்றாக இருக்கிறது. கை தட்டும் வரி. "நீதான் ரேடியோக்காரன், சரிதானா என்று பார்த்துச் சொல்" என்று கேட்டதால்தான் பிரச்சினை. பார்த்துவிட்டேன். நான்கு நாள் அதிலேயே கிடந்தேன்.

முதலில் சரியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாய்க்கின் 1920-ல் டெக்சஸ் மாநிலத்து டல்லாஸில் பிறந்தவர். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று இருந்த ஊர், காலம். புக்கர் டி. வாஷிங்டன் பெயரிலிருந்த கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அடுத்து நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். அங்கிருந்து சிகாகோவுக்குப் போய் மெஜஸ்டிக் ரேடியோ கம்பெனியில் வேலை, அப்புறம் ஓர் ஆராய்ச்சிக்கூடம். நடுவில் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்து பாதியில் விட்டார். பணம் கட்ட முடியாமல்தான் என்கிறார்கள். ஹால் ஃப்ரூத் என்பவரோடு சேர்ந்து இருவர் பெயரிலும் ஒரு கம்பெனி நடத்தினார். 1982-ல் சிகாகோவில் இறந்தார், இதயச் செயலிழப்பால்தான். அது வரைக்கும் உன் பேத்தி சொல்வது சரி.

இனிமேல்தான் சிக்கல். காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. அவருடைய முக்கியமான இரண்டையும் எடுத்தேன். ஒன்று 1959 ஜூனில் வந்தது, கம்பி வகைத் துல்லிய ரெசிஸ்டர் (பேத்திக்குச் சொல்வதானால், மின்னோட்டத்தை அளவாகக் கட்டுப்படுத்தும் சின்ன உறுப்பு), எண் 28,91,227. இன்னொன்று 1961 பிப்ரவரியில், தலைப்பே வெறும் "மின் ரெசிஸ்டர்", எண் 29,72,726. அப்புறம் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் சில வாங்கியிருக்கிறார். இதயம், நாடி, நோயாளி என்று ஏதாவது தட்டுப்படுமா என்று தேடித் தேடிப் பார்த்தேன். அந்தப் பக்கமே போகவில்லை மனிதர். ரெசிஸ்டர், ரெசிஸ்டர், மறுபடியும் ரெசிஸ்டர்.

நமக்கு அது போதாதா? 1961-ல் வந்ததில் அவர் சொல்லும் நோக்கத்தைப் பார். கடுமையான அதிர்ச்சியையும் வேக மாற்றத்தையும், சூடு குளிர் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அதையும் தாங்க வேண்டும், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடக் கூடாது, செலவும் குறைவாக இருக்க வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் முடி மாதிரி கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று கீழே விழுந்து, மீட்டர் முள் அசையாமல் நின்றது நினைவிருக்கிறதா? வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே கம்பி போயிருந்தது. நீ அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் பையில் வைத்துக்கொண்டாய். அந்த மாதிரி அறுந்து போகாத ஒன்றைச் செய்ய ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் இருவரும் மதிக்கலாம், மேடையில் கைதட்டல் வராது, அவ்வளவுதான்.

பேஸ்மேக்கரின் கதை வேறு ஊர்களில் நடந்தது. மின்னியாபொலிஸில் ஏர்ல் பேக்கன், 1957 கடைசியில், ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த தாள மெட்ரோனோம் சர்க்யூட்டைப் பார்த்து, பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி செய்தார். அதை உடம்புக்கு வெளியே கட்டிக்கொள்ள வேண்டும். உடம்புக்குள் முதலில் வைத்தது ஸ்டாக்ஹோம் பக்கத்தில், 1958 அக்டோபரில். செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், வைத்தவர் டாக்டர் ஓக்கே சென்னிங். அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் நோயாளி ஆர்னே லார்சன் 2001 வரை இருந்தார், 86 வயது, அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிவிட்டார். உனக்கு ஒன்று வைத்ததற்கே இவ்வளவு புலம்புகிறாய்.

மூன்றாவது ஆள் பஃபலோவின் வில்சன் கிரேட்பேட்ச். இதை நீ கட்டாயம் ரசிப்பாய். இதய ஒலியைப் பதிவு செய்ய ஒரு சர்க்யூட் கட்டிக்கொண்டிருந்தவர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் எடுக்க டப்பாவில் கை விட்டு, அதன் மதிப்பைக் காட்டும் கலர் பட்டைகளைத் தப்பாகப் படித்து, 1 மெகா ஓமை எடுத்துப் பொருத்திவிட்டார். பிரவுன், பிளாக், ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பிரவுன், பிளாக், பச்சை. சர்க்யூட் ஒரு நொடிக்கு ஒருமுறை துடிக்க ஆரம்பித்தது. கலர் வரிசை மறக்காமல் இருக்க "பி.பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்" என்று நாம் உருப்போட்டது அவருக்கு அன்றைக்கு மறந்து போயிருக்கிறது, நல்ல வேளை. 1960-ல் அவருடைய கருவியை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள், 1962-ல் காப்புரிமை கிடைத்தது. ஆக, பேஸ்மேக்கருக்கும் ரெசிஸ்டருக்கும் பழைய உறவு உண்டுதான், பாய்க்கின் வழியாக வந்த உறவு இல்லை.

தேதியை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 1959-ல் வழங்கிய காப்புரிமைக்கு முன்னதாகவே விண்ணப்பம் போயிருக்கும், பொருளும் சந்தைக்கு வந்திருக்கலாம். அவருடைய ரெசிஸ்டர் ஏதாவது பேஸ்மேக்கருக்குள் போயிருக்கலாம் என்று ஒருவர் வாதாடினால், சரி, போயிருக்கலாம் என்பேன். வழுக்கிய இடம் அதுதான் என்று என் ஊகம். "ரெசிஸ்டர் பேஸ்மேக்கரின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பயன்பட்டது" என்று ஒருவர் எழுதுகிறார். அடுத்தவர் கையில் அது "கட்டுப்பாட்டுப் பகுதியைக் கண்டுபிடித்தார்" என்று ஆகிறது. மூன்றாவது ஆள் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தூக்கிவிடுகிறார். பயன்பட்டது, கண்டுபிடித்தார் ஆகிவிட்டது. செங்கல் சூளைக்காரரைப் பெரிய கோயில் கட்டியவர் என்கிற மாதிரி.

காப்புரிமைகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஓரிடத்தில் 26, இன்னோரிடத்தில் 28. ஒரே கண்டுபிடிப்புக்கு நாட்டுக்கு நாடு தனித்தனியாகக் காப்புரிமை வாங்கலாம் என்பதால் எண்ணுகிறவர் கையைப் பொறுத்து அது நீளும். எண்ணை விட்டுவிடச் சொல்.

அவருக்கு ஒரு வயதாகும்போதே தாயார் இதய நோயில் இறந்தார் என்பார்கள். அம்மா இதயத்தால் போனார், பிள்ளை இதயத்துக்குக் கருவி செய்தார், பிள்ளையும் இதயத்தால் போனார் என்று முடிச்சுப் போட்டால் கதை கச்சிதமாகிவிடும். கச்சிதமாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. 2014-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே அவர் பெயருக்கு எதிரே இருப்பது பேஸ்மேக்கர் அல்ல, மின் ரெசிஸ்டர், அதே 1961 காப்புரிமை. அவரைக் கௌரவித்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

உன் பேத்திக்கு ஏமாற்றமாக இருக்கும். பேசியே தீருவேன் என்றால் ஜேம்ஸ் வெஸ்ட் பற்றியும் சொல். அவரும் கறுப்பின அமெரிக்கர்தான். பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரோடு சேர்ந்து எலெக்ட்ரெட் மைக்கைச் செய்தவர், 1964 காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நாம் வாங்கி டேப் ரெக்கார்டரில் சால்டர் வைத்தோமே, சட்டைப் பொத்தான் அளவுக்கு, "கண்டென்சர் மைக்" என்று கடைக்காரர் கொடுப்பாரே, அந்த வகைதான். அவள் பேசப்போகும் மைக்கும் அதுவாகவே இருந்தாலும் இருக்கும்.

பாய்க்கினையே வைத்துக்கொள்கிறாள் என்றால், கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொல். மீதியை எழுதித் தர நான் தயார்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழை இரண்டு நாள் பெய்து நின்றுவிட்டது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தபோது நம் காலத்து ரெசிஸ்டர் ஒன்று கிடைத்தது, கடிதத்தோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பிரவுன், பிளாக் வரை தெரிகிறது. மூன்றாவது பட்டை ஆரஞ்சா சிவப்பா என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை, பேத்தியைப் பார்த்துச் சொல்லச் சொல்.

அன்புடன்,
வைத்தி