மூன்றாம் மாடி அக்காவுக்கும் மொட்டைமாடிக்காரர்களுக்கும்

எங்கள் குடியிருப்பில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். நேரில் சொல்ல வந்தால் "அட, இதுக்கெல்லாமா" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி மூன்றாம் மாடி அக்காவுக்கு. போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று குளியலறைத் தரையைத் தேய்க்க உட்கார்ந்தேன். பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டும் கறை அசையவில்லை. சரி என்று அதன் மேலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்பது என் கணக்கு. கிளம்பியது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனமாம், தரையோடு தங்குமாம். நானோ குத்தவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்து, மூச்சு அடைத்து, இருமல் நிற்கவில்லை. இருமல் சத்தம் கேட்டே அக்கா ஓடிவந்தார். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு என்னை பால்கனிக்கு இழுத்துப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, கண்ணைக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் வந்து திட்டினார். கையில் ஒரு சாக்கு. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, லேபிளை என்னையே வாசிக்கச் சொன்னார். கண்ணாடி போட்டும் தடுமாறினேன். ஆசிட்டும் பிளீச்சிங்கும் இனி ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது என்று உத்தரவு. பேத்தியின் துணிகளுக்கு நடுவே நான் போட்டிருந்த அந்துருண்டையும் சாக்குக்குள் போனது. சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். அவர்களுக்கு அந்த உருண்டையின் நெடியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாமாம். இப்போது அந்த அலமாரியில் காய்ந்த வேப்பிலைதான் இருக்கிறது.

அந்த வேப்பிலை பறிக்கப் போய்த்தான் மொட்டைமாடிக் கூட்டத்தில் மாட்டினேன். ஆடிப்பட்டம் தேடி விதைக்கப் பன்னிரண்டு வீட்டார் கூடியிருந்தார்கள். எனக்கும் நான்கு பைகள் ஒதுக்கினார்கள். முதல் ஈட்டுச் செடிகள் இலையோரம் கருகிப்போயின. வேளாண்மை படிக்கும் முதல் மாடித் தம்பி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, நார்க்கட்டியக் கழுவினீங்களா?" என்றான். கழுவ வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. தேங்காய் நாரில் உப்பு இருக்குமாம். ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிய பிறகுதான் மண்ணும் தொழுவுரமும் கலக்க வேண்டுமாம். பரீட்சை நேரத்திலும் எனக்காக மறுபடி கலந்து கொடுத்தான்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கத்திரியில் மாவுப்பூச்சி வந்தபோது, யாரும் இல்லாத மத்தியானத்தில் கரப்பான் ஸ்பிரேயை எடுத்துப் போய் அடித்தது நான்தான். சாக்குக்குத் தப்பிய ஒரே டப்பா அது. செடியைக் காயோடு பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. யாரும் என்னைத் தோட்டத்தை விட்டு விலக்கவில்லை. அடுத்த கத்திரியிலும் பூச்சி வந்தது. வாட்ச்மேன் அண்ணன்தான் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எறும்ப நிறுத்துங்கம்மா, மாவுப்பூச்சி தானா குறையும்" என்றார். அந்தப் பூச்சி கழிவாக விடும் இனிப்புக்காக எறும்புகளே அதைக் காவல் காத்து வளர்க்கின்றனவாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிப்பது. இந்த வேலையை அவர் தன் ஷிப்ட் முடிந்தும் செய்து கொடுத்தார். சம்பளத்தில் சேராத வேலை அது என்பதைச் சங்கத்தார் கவனிக்க வேண்டும்.

தளம் ஒழுகும் என்று சண்டை போட்ட ஐந்தாம் மாடி சாருக்கும் நன்றி. அவர் போட்ட சத்தத்தால்தான் பைகளுக்கு அடியில் செங்கல் வைத்துத் தண்ணீர் ஓட வழி விட்டோம். நேற்று எங்களுக்கு முன்னால் தண்டுக்கீரையைப் பறித்துக்கொண்டு போனதும் அவர்தான். போகட்டும்.

மாடியில் விளைவது எங்களுக்குப் போதாது. கீரை, மிளகாய், கொஞ்சம் கத்திரி, அவ்வளவுதான். மற்றதற்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குத்தான் போகிறோம். 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்த இடம் அது. அங்கே காய் விற்கும் ஒரு அம்மாவிடம், காலிஃப்ளவரை உப்புத் தண்ணீரில் போட்டால் மருந்து போய்விடுமா என்று கேட்டேன். "புழு வெளிய வரும். மேல ஒட்டுனது கொஞ்சம் போகும். உள்ள ஏறுனது எங்க போகும்?" என்றார். விற்கிறவர் இவ்வளவு நேராகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். எங்கள் மாடியில் இப்போது காய்க்கும் சுரைக்காய், அவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தந்த விதை.

மூன்றாம் மாடி அக்கா, அன்றைக்கு நீங்கள் மூக்கில் கட்டியிருந்த நீலத் துண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் சுரைக்காயை அதில் சுற்றிக் கொண்டுவருகிறேன். வீட்டில் இருங்கள்.