அப்பாவின் அம்பாசடர் ஓடுகிறது: உங்களுக்கு ஒரு நன்றி மடல்

ராமநாதபுரம் மெக்கானிக் பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், உச்சிப்புளி டிங்கர் அண்ணனுக்கும், மண்டபம் லேத் பட்டறை அண்ணாச்சிக்கும், மதுரைப் பெரியவருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் அம்பாசடர் எங்கள் வாசலில் வந்து நின்றது. அவர் போன பிறகு ஆறு வருஷம் தகரக் கொட்டகையில் கிடந்த வண்டி. ஹார்ன் சத்தம் கேட்டு அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. பானட்டில் கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

நேரில் நன்றி சொன்னால் "இதுல என்னத்தா இருக்கு" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அந்த வண்டி 1984-ல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மார்க் 4, பெட்ரோல். அப்போது எங்கள் பக்கத்து ஆட்கள் கார் எடுக்க மதுரைக்குத்தான் போவார்கள். எனக்கு ஆறு வயசு. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் விடியக்காலை பஸ்ஸில் போனோம். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கார் நின்ற அந்த ஷோரூம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பின்கட்டில் அவர்களுடைய ஒர்க்ஷாப், நடுவில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். விற்ற வண்டிக்கு அங்கேயே வேலையும் பார்ப்பார்கள். பில் போட்டவருக்கு அப்பாவின் பெயர் கடைசி வரை மறக்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். பரமக்குடியில் காப்பி குடிக்க இறங்கியபோது அப்பா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். காப்பி ஆறியே போனது.

பிறகு அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போனாலும் மண்டபத்தோடு நிறுத்த வேண்டும். அங்கிருந்து அவர்கள் ரயிலில் கடலைத் தாண்டுவார்கள். 1988 அக்டோபர் 2-ம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் எங்கள் வண்டி தீவுக்குள் போனது.

பாய், நீங்கள் காட்டிய அந்தக் கணக்கு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் வாப்பா காலத்து நோட்டு. வண்டிக்கு ஒரு பக்கம். எங்கள் பக்கத்தில் 1988 அக்டோபர் மாதத்துக்கு நேராக "பிரேக் ஷூ, ரேடியேட்டர் ஹோஸ் 2, ஹேண்ட் பிரேக் கேபிள்" என்று ஊதா மையில் எழுதியிருந்தது. புதுப் பாலத்தில் முதல் சவாரி ஏற்றுவதற்கு முன்னால் அப்பா பிரேக்கைப் பார்த்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. பயந்திருக்கிறார் என்று முப்பத்தைந்து வருஷம் கழித்து உங்கள் ஷெட்டில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் வருவதற்கு முன் வெளியூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டு எட்டு மாதம் நடந்தேன். "சாமான் கிடைக்காது, எடைக்குப் போட்டுருங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வந்து பார்த்தால் கார்புரேட்டரைக் காணோம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பரணில் ஏறி, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கார்புரேட்டரை எடுத்து வந்தீர்கள். "வாப்பா எடுத்து வச்சது. எவனுக்காச்சும் ஆகும்னாரு." அந்த எவனோ நானாகிவிட்டேன். 2014-ல் மேற்கு வங்காளத்தின் உத்தரப்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கப்புறமும் இந்த வண்டிகள் ஓடுவது இப்படிப்பட்ட பரண்களால்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் தகடுகள் கோத்த உங்கள் ஃபீலர் கேஜையும் மறக்க மாட்டேன். எல்லாத் தகடும் கறுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் வெள்ளியாய்ப் பளபளத்தது. 0.015 அங்குலத் தகடு, நீங்கள் சொல்கிற "பதினஞ்சு தவ்" (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த என்ஜினில் வால்வைத் திறக்க உதவும் டேப்பெட்டுக்கும் அந்த இடைவெளிதான், தீப்பொறி உண்டாக்க உதவும் பிளாட்டினம் பாயின்ட்டுக்கும் அதுதான். வாப்பாவும் நீங்களும் செருகி உருவியே பளபளப்பான தகடு. உங்கள் ஷெட்டில் இருக்கும் தம்பியின் கையில் அதைக் கொடுத்து, "இழுத்தா வரணும், ஆனா மனசில்லாம வரணும்" என்றீர்கள். தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். பக்கத்திலேயே புதுக் கார்களுக்கு ஸ்கேனர் மாட்டி வேலை பார்க்கிறான். அவன் அந்தத் தகட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துத் தலையாட்டியதும் எனக்குத் தெம்பு வந்தது.

டிங்கர் அண்ணே, காரின் தரையில் பட்டிப் பசை போட்டு மூடிவிடலாமே என்று அவசரத்தில் கேட்டேன். நீங்கள் சுத்தியலை எடுத்துத் தட்டிக் காட்டினீர்கள். நல்ல தகடு ணங் என்றது; உப்புக்காற்று தின்ற தகடு பொத்தென்றது. "பட்டி போட்டா உப்பை உள்ள வச்சுப் பூட்டுன மாதிரித்தா" என்று சொல்லி, தரையையும் கதவுக்குக் கீழ்த் தகட்டையும் வெட்டி எடுத்துப் புதுசாக வெல்டு வைத்தீர்கள். அடியில் பழைய என்ஜின் ஆயிலும் அடித்துக் கொடுத்தீர்கள். கூலியில் பாதிதான் வாங்கினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி, நான் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், உங்கள் லேத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு நடுவிலும் படகு ஷாஃப்ட்டில் மிஞ்சிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டைக் கடைந்து வாட்டர் பம்ப்புக்கு ஸ்பிண்டில், அதாவது சுழல்தண்டு, செய்து தந்தீர்கள். வரிசையில் நின்ற படகுக்காரர்கள் "அந்தப் பிள்ளைக்கு முதல்ல முடிச்சுக் குடுங்க" என்றார்களே, அவர்களுக்கும் நன்றி.

மதுரைப் பெரியவரே, அந்த ஷோரூம் இன்று இல்லை. அந்தக் கவுன்டரில் வேலை பார்த்த நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் பத்து நிமிஷத்தில் பார்ட் நம்பரே வந்துவிடும். பிரேக்குக்கான வீல் சிலிண்டர் கிட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, இந்த வயதில் பஸ் ஏறி வந்தீர்கள். டிக்கெட் காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டீர்கள்.

பாய் வீட்டு அம்மாவுக்குத் தனியாக. வேலை நடந்த நாளெல்லாம் மத்தியானம் என்னைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ராமேஸ்வரம் கிளம்புகிறோம். உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் நிறுத்துவேன். பாய், பின்சீட்டில் உங்களுக்கும் தம்பிக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பதினஞ்சு தவ் தகட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் பழைய வாடிக்கையாளரின் மகள்,
ராமநாதபுரம்