குயில்ட் செய்முறையில் விட்டுப்போன கால் அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் கைவினைப் பக்கத்தில் வந்த, துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, என் அண்ணன் மகள் அன்றே தைக்க உட்கார்ந்தாள். ஐந்து வெற்றுச் சதுரம், இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் நான்கு, மூன்று மூன்றாக அடுக்கினால் 9 அங்குல பிளாக், அதாவது ஒரு நட்சத்திரக் கட்டம். எல்லாவற்றையும் 3 அங்குலச் சதுரமாக வெட்டி, முக்கோணத்துக்கு வேண்டியதை மட்டும் மூலைக்கு மூலை வெட்டச் சொல்லியிருந்தீர்கள். அவளும் அப்படியே செய்தாள். சாயங்காலம் என்னிடம் கொண்டுவந்தபோது துணியின் ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது. நட்சத்திரத்தின் முனைகளையே காணோம். "எனக்குக் கை வராது அத்தை" என்றாள். அவள் கையில் ஒரு தப்பும் இல்லை. அச்சான அளவில்தான் தப்பு.

தையலுக்கு விடும் துணியை அந்தச் செய்முறை கணக்கில் எடுக்கவே இல்லை. இப்படிப்பட்ட பிளாக்குகளை இணைத்துத் தைக்கும் விரிப்பான குயில்ட்டில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஆகவே 3 அங்குலமாக வெட்டிய சதுரம் கடைசியில் 2½ அங்குலமாகத்தான் தெரியும். 9 அங்குல பிளாக் 7½ ஆகிவிடும். பிளாக் சிறியதானால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். முக்கோணத்தை அப்படி விட முடியாது. 3 அங்குலச் சதுரத்தைக் குறுக்கே வெட்டி, இரண்டு பாதிகளை இணைத்தால் வருவது சுமார் 2⅝ அங்குலச் சதுரம். பக்கத்தில் நிற்கும், இன்னும் தைக்காத வெற்றுச் சதுரமோ 3 அங்குலம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்போம் அல்லவா, அந்தக் கணக்கில் மூன்று நூல் குறைகிறது. பாவம், அந்தப் பெண் இழுத்து இழுத்துச் சரிக்கட்டியிருக்கிறாள். கிராஸாக வெட்டிய ஓரம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. நெளிவு வந்தது அதனால்தான்.

சரியான அளவு இது: வெற்றுச் சதுரம் 3½ அங்குலம். முக்கோணத்துக்கு வெளிர் நிறத்தில் இரண்டு, அடர் நிறத்தில் இரண்டு சதுரம், ஒவ்வொன்றும் 3⅞ அங்குலம். முதலில் குறுக்கே வெட்டவே கூடாது. வெளிர் துணியையும் அடர் துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போடவேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகுதான் கோட்டின் மேல் வெட்டவேண்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு வீதம் நான்கும் கிடைத்துவிடும். தைத்த பிறகு வெட்டுவதால் அந்தச் சாய்வு ஓரம் இழுபட வழியே இல்லை.

3⅞-இல் அந்த ஏழு நூல் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். முக்கோணத்தின் நேர்மூலைப் பக்கத்தில் கால் அங்குலம் போதும். கூர்முனையில் தையல் சரிந்து வந்து முடிவதால் அங்கே அரை அங்குலத்துக்கும் சற்று மேலே போகும். இரண்டும் சேர்ந்து 0.854 அங்குலம், அதைத்தான் ⅞ என்று வைத்துக்கொள்கிறோம். நானே தைக்கும்போது 4 அங்குலமாகவே வெட்டி, தைத்துத் தேய்த்த பிறகு 3½ அங்குலத்துக்கு ஓரம் நறுக்கிவிடுவேன். கொஞ்சம் துணி வீண்தான். ஆனால் ஒன்பது துண்டும் அச்சில் வார்த்ததுபோல் வரும்.

நான் பல வருடம் உடை தைத்துவிட்டுக் குயில்ட்டுக்கு வந்தவள். சட்டையில் பக்கத் தையல் அரை நூல் முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. இங்கே தையலுக்கு அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் இரு பக்கமும் சேர்ந்து ஒரு நூல். எட்டுத் தையல் உள்ள வரிசையில் ஓர் அங்குலம் போயிற்று. என் முதல் விரிப்பை அப்படித்தான் முழுவதும் பிரித்தேன். அதிலிருந்து, எதைத் தைப்பதற்கு முன்னாலும் 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்துப் பார்ப்பேன். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்கவேண்டும். குறைந்தால் ஊசியை ஓரத்துக்கு ஓர் இழை நகர்த்திவிட்டு மறுபடி பார்ப்பேன். துணி மடங்கும் இடத்திலும் ஓர் இழை போகிறது, அதனால் கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவாகவே தையலுக்கு விடுவதுதான் வழக்கம்.

தங்களிடம் நான் கேட்பது, முழு பிளாக்கின் படத்தைப் போட்டு ஒரே வாரத்தில் முடித்துவிடாதீர்கள். வாரம் ஓர் அடிப்படைத் துண்டு சொல்லிக்கொடுங்கள். வெற்றுச் சதுரமும் இரட்டை முக்கோணமும் கைவந்தால் இந்த நட்சத்திரம் வந்துவிடும். நான்கு முக்கோணம் கூடிய சதுரத்தையும் கற்றுக்கொண்டால், பக்கங்களில் இருக்கும் நான்கு துண்டை மட்டும் மாற்றி இதே கட்டத்தில் ஒஹையோ ஸ்டார் என்ற இன்னொரு நட்சத்திரத்தைத் தைக்கலாம். அப்புறம் படத்தைப் பார்த்தாலே எத்தனை துண்டு, எந்தத் துண்டு என்று கண் தானாகப் பிரித்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டும் அளவு, தைத்து முடித்த அளவு இரண்டையும் தனித்தனியாக அச்சிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்தவேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நேற்று அவள் புதிதாக வெட்டித் தைத்தாள். ஓரத்துக்கு ஓரம் 9½ அங்குலம் வந்தது. நட்சத்திரத்தின் நான்கு முனைகளும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே நிற்கின்றன. அடுத்த பிளாக்கோடு இணைக்கும் தையலுக்கான இடம் அது; ஓரம் அதிகம் என்று நினைத்து யாரும் நறுக்கிவிடவேண்டாம் என்று திருத்தத்தில் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகி