ஊர்வனக் கணக்கெடுப்பில் வயல்காரர்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா கிராமங்களில் பாம்பு, அரணை, உடும்பு, ஆமை ஆகியவற்றைக் கணக்கெடுக்க இளைஞர்கள் தாமாக முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. எங்கள் ஊரில் அப்பணியில் பங்கெடுப்பவன் என்ற முறையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். எலிக்குக் கிட்டி வைப்பவர்கள், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள் ஆகியோரை யாரும் அழைப்பதில்லை.

சாரை எந்த வரப்பு வளையில் நுழைந்தது, உரித்த சட்டை எங்கே கிடந்தது, வற்றிய குட்டையின் சேற்றில் பாலாமை எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம், விடியற்காலையில் மூங்கில் கிட்டிகளை எடுக்கப் போகிறவருக்குத் தெரியும். மாலையில் டார்ச்சுடன் சாலையோரம் நடந்துவிட்டுத் திரும்பும் எங்களுக்குப் பெரும்பாலும் கண்ணில் படுவது வண்டியில் அடிபட்ட நீர்க்கோலிதான்.

வயல்காரர்களுக்குப் பயிற்சி தேவைப்படும் இடமும் உண்டு. வீட்டுக்குள் வரும் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்றெண்ணி அடித்துவிடுகிறார்கள். கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக நெருங்கி அமைந்தவை. கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கோல் வரையனிலோ முன்பக்கம் தெளிவாக இருக்கும் பட்டைகள் வாலை நோக்கிப் போகப்போக மறைந்துவிடும். குட்டிகளில் இந்த அடையாளம் பிறழக்கூடும் என்பதால் எதையும் கையால் தொடக் கூடாது. தள்ளி நின்று கைபேசியில் எடுத்த படம் போதும். உடும்பும் பாலாமையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கவே தடையுள்ள முதல் அட்டவணையில் இருப்பவை என்பதை, பிடித்து அளந்து பார்க்கத் துடிக்கும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டதால், கடிபட்டு மருத்துவமனைக்கு வருவோர் விவரம் பதிவாகிறது. ஆனால் எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தப் பாம்பு நடமாடுகிறது என்பதைக் கணக்கெடுப்புதான் சொல்ல முடியும். அந்தத் தகவலை, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் பேண வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கலாம்.

கூலி வேலை செய்பவரை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சும்மா வரச் சொல்வது நியாயமில்லை. வேலைக்குப் போகும் வழியில் பார்த்ததை அவர் வாட்ஸ்அப்பில் படமாகவோ குரல் பதிவாகவோ அனுப்பினால், இடம், நாள், நேரத்துடன் எழுதிக்கொள்ளும் வேலையை மாணவர்கள் பார்த்துக்கொள்ளலாம். கதிரில் மறைந்திருக்கும் பாம்புகள் இயந்திரத்துக்கு அஞ்சி வெளியே ஓடிவரும் சம்பா அறுவடைக்கு முன்பாகவே, கணக்கெடுப்பை நடத்துவோர் ஊர் ஊராகச் சென்று இவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டார வாசகர்