பராக்காக இருந்துவிட்டேன்

அன்புள்ள சொக்கு,

ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லாரும் சுகம். வளவில் ஓடு மாற்றி முடித்தாயிற்று. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பேத்திக்குப் பள்ளி நாடகத்தில் கட்டியக்காரன் வேஷம். "பராக்! பராக்!" என்று நாள் முழுக்க வீடு அதிரக் கத்தினாள். ராத்திரி, தூணில் ஓடிய பல்லியையே பார்த்துக்கொண்டு சோற்றை ஆறவிட்டாள். "பராக்குப் பார்க்காமல் சாப்பிடு" என்றேன். "ஐயா, பராக்குன்னா கவனின்னுதானே சொன்னீங்க?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

வடமொழியில் பராக் என்றால் அப்பால் திரும்பிய நிலை. பராமுகமும் அந்த வழியில் வந்ததுதான். தெலுங்கிலும் கவனம் பிசகுவதைப் பராகு என்கிறார்கள். "உங்கள் கண் வேறெங்கோ இருக்கிறது, இங்கே திருப்புங்கள்" என்றுதான் கட்டியக்காரன் கூவுகிறானோ என்று எனக்குப் படுகிறது.

பராமுகமாக இருப்பவன் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏனோதானோவென்று செய்பவனுக்கு அக்கறையே இல்லை. பராக்காக இருப்பவனுக்கோ பார்க்க ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது! உனக்கு ஊருணிக் கொக்கு கிடைத்த மாதிரி. பாவம், உன் மண்டையில் எத்தனை சாக்பீஸ் உடைந்தது. ஆனால் பெயர் சொன்னதும் திரும்பிவிடுவாய். கூப்பிட்டால் திரும்புகிற வரைக்கும்தான் அது பராக்கு.

ஆத்தாவை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், சொக்கு. முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால், "பராக்கா இருந்துட்டேன் அப்பு" என்று சிரிப்பாள். கார்த்திகையிலிருந்து மூன்று தடவை, நான்கு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. போன வாரம் தோளைத் தொட்டேன். திரும்பினாள், யாரோ என்று பார்த்தாள். காதைச் சோதித்தாயிற்று, நன்றாகக் கேட்கிறதாம். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டில் யார் கேட்டாலும், "ஆத்தா பராக்காக இருக்கிறாள்" என்றே சொல்லி வருகிறேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருவாய் அல்லவா? இரண்டு நாள் முன்னதாக இங்கே வந்துவிடு. உன் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். முகப்பிலிருந்தே "ஆத்தா" என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு வா.

உன்,
அப்பு