சுக்ரோஸ் தீர்ந்தது, சர்க்கரை தீரவில்லை

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கிராஃபை நிதானமாகப் பார்த்தேன். நீ புகையிலைச் செல்களை வளர்க்கும் குடுவையின் ஊடகத்தில், அதாவது அவை மிதக்கும் சத்துக் கரைசலில், நான்காம் நாளே சுக்ரோஸ் (நாம் சாப்பிடும் சர்க்கரைதான்) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, செல்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன, அதனால் அடுத்த முறை லிட்டருக்கு 60 கிராம் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டுப் போடாதே கண்ணு. நீ போட்ட சர்க்கரையில் பெரும்பகுதி இன்னும் அந்தத் தண்ணீரிலேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செல் சுவரில் இன்வர்டேஸ் என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. சுக்ரோஸ் வந்து பட்டதும் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரித்துவிடும். ஊடகம் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருந்தால் அதற்கு இன்னும் வசதி. கொஞ்சம் சுக்ரோஸ் பிரியாமல் முழுசாகவும் உள்ளே போகும். ஆனால் புகையிலை மாதிரிச் செல்களில் வெளியே பிரிவதுதான் அதிகம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. யார்டில் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள் என்பதால் சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு எழுத முடியுமா? நீ அளந்தது பெட்டியை மட்டும்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லூரி லேபில் இருந்த காலமெல்லாம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, குளுக்கோஸோ ஃபிரக்டோஸோ இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பெனடிக்ட் சோதனைக்குக் குழாய் எடுத்து வைத்தவன் நான். 2 மில்லி பெனடிக்ட் கரைசலில் புது ஊடகத்தைச் சில சொட்டு விட்டுக் கொதிநீரில் வை. சுக்ரோஸ் அதோடு வினைபுரியாது, நீலம் நீலமாகவே நிற்கும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரிச் சூட்டில் கொஞ்சம் சுக்ரோஸ் தானாகவே பிரிந்திருக்கும் என்பதால் லேசாகப் பச்சை தட்டலாம், பயப்படாதே. அப்புறம் நான்காம் நாள் ஊடகத்தை வடிகட்டி அதே போல் வை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்தில் அடியில் படியும். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அந்தக் குழாயே சொல்லிவிடும். சரியான அளவுக்கு, கரைசலில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் மூன்று சர்க்கரையையும் சேர்த்துப் பார்.

அப்படிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். குளுக்கோஸ் முதலில் குறையும், ஃபிரக்டோஸ் பின்தங்கும். இரண்டையும் உள்ளே கொண்டுபோகும் கடத்திப் புரதங்களில் பல குளுக்கோஸையே விரும்பும். அதுவும் சும்மா நடப்பதில்லை. செல் தன் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) வெளியே தள்ளுகிறது. அந்தப் புரோட்டான் திரும்ப உள்ளே வரும்போது சர்க்கரையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் ராத்திரி கரண்ட் போய், குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் நின்றதா என்று போனில் அத்தனை முறை கேட்டேன். ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படிந்துவிடும், ஆக்சிஜன் குறையும், ஏடிபி குறையும், சர்க்கரை எடுப்பதும் படுத்துவிடும். நம் தெருவில் கோடையில் கரண்ட் போகாத ராத்திரி அபூர்வம். உங்கள் லேபில் அப்படி இல்லாவிட்டாலும் ஷேக்கருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, நின்ற நேரத்தைக் குறித்து வை.

இப்போது அந்த 60 கிராம் கணக்கு. முராஷிகே, ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1962-ல் புகையிலைக்கென்றே செய்த ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ்தான். மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கில் அது சுமார் 88 மில்லிமோலார். முழுவதும் பிரிந்தால் ஒரு மூலக்கூறு இரண்டாகி 175-ஐத் தொடும். செல்லுக்கு வெளியே இருக்கும் கரைசல் தண்ணீரை இழுக்கும் இழுப்பும் அதே கணக்கில் ஏறும். நீ இரட்டிப்பாகப் போட்டால் 350. அதில் செல் தண்ணீருக்கே திண்டாடும், வளர்ச்சி மந்தமாகும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் சர்க்கரை போதவில்லை என்று நினைத்துவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

உள்ளே போன சர்க்கரையெல்லாம் மூச்சுக்கே எரிந்துவிடுவதும் இல்லை. ஒரு பங்கு செல் சுவராகிறது, ஒரு பங்கு மாவுச்சத்தாகத் தங்குகிறது, அமினோ அமிலங்களுக்கும் அதிலிருந்துதான் கார்பன் போகிறது. ஆகவே எடையையும் தினமும் எடு. ஈர எடை மட்டும் போதாது, உலர் எடையும் வேண்டும். நிஜமாகவே சர்க்கரை தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிரான்சில் ரோலாண்ட் டூஸ் என்ற தாவர விஞ்ஞானியின் குழுவினர் சைகமோர் மரத்தின் செல்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் சேமிப்பு கரைகிறது, பிறகு செல் தன் புரதத்தையும் கொழுப்பையும் பிரித்துத் தின்கிறது. உன் செல்கள் அந்த நிலைக்கு வரும் நாள் எது என்பதைக் கண்டுபிடி. புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டியது அதற்கு முன்னால்தான். நான்காம் நாள் ரொம்பச் சீக்கிரம்.

செல் பச்சையாக இருக்கும்போது சர்க்கரை எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். மூடிய குடுவைக்குள் கார்பன் டை ஆக்சைடும் வெளிச்சமும் போதாது, வெளியே சர்க்கரை இருக்கும்போது பச்சையமும் சரியாக வளராது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் திருப்தி இல்லை. நீ போனில் விளக்கமாகச் சொல்.

இட்லிப் பொடியும் நெத்திலிக் கருவாடும் பார்சல் போட்டிருக்கிறோம், கருவாட்டை வந்த உடனே டப்பாவுக்கு மாற்று. மூன்று சர்க்கரையையும் உலர் எடையையும் ஒரே கிராஃபில் போட்டு அனுப்பு. அதுவரை ஊடகத்தில் 30 கிராமே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா