‘விழிப்புணர்வுக் குறைவு’ என்ற சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் உடல்நலம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிறுநீரக நோயும், வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும் வடக்குப் பிரதேசத்தின் தொலைதூர ஊர்களை எப்படி வாட்டுகின்றன என்பதைத் தமிழில் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு என் நன்றி. ஆனால், மருத்துவ ஆய்வுகளில் அம்மக்கள் அதிகம் பங்கேற்காமல் இருப்பதற்கு ‘விழிப்புணர்வுக் குறைவே’ காரணம் என்று கட்டுரையில் ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஊர்களில் ஆராய்ச்சிச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரத்த மாதிரி சேகரிக்கும் குழு ஒன்றுடன் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். குளிர்பெட்டி, ஊசிகள், பதினான்கு பக்க ஆங்கில ஒப்புதல் படிவம் என எல்லாம் எங்களிடம் தயாராக இருந்தன. சுகாதார நிலையத்தின் வாசலில் மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் படிவத்தைப் பக்கம் பக்கமாக விளக்கினேன். (மூத்த பெண்களை அங்கே ‘ஆன்ட்டி’ என்பார்கள், நாம் யாரை வேண்டுமானாலும் அழைக்கும் அந்தச் சொல், அங்கே வாழ்ந்து சம்பாதிக்க வேண்டிய மரியாதை.) கடைசிவரை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “இந்த இரத்தத்தை எங்கே வைப்பீர்கள்? நான் போன பிறகு அது யார் கையில் இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். தெற்கே ஒரு நகரத்தில், மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில், எத்தனை ஆண்டுகளானாலும் கெடாமல் இருக்கும் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் ஊரில் ஒரு சாவு விழுந்தது. ‘சாரி பிசினஸ்’ என்று அவர்கள் சொல்லும் துக்கக் காலம் தொடங்கிவிட்டதால் சுகாதார நிலையத்துக்கு யாரும் வரவில்லை. எங்கள் விமானமோ குறித்த நாளில் கிளம்பியது. அறிக்கையில் ‘மறுத்தவர்கள்’, ‘வராதவர்கள்’ என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. அந்த மூதாட்டியை முதல் கட்டத்திலும், துக்கத்தில் இருந்த ஊரை இரண்டாவது கட்டத்திலும் எழுதி நிரப்பியவள் நான்தான். இப்படி நிரப்பப்பட்ட கட்டங்களைக் கூட்டிப் பார்த்துத்தான் ‘விழிப்புணர்வுக் குறைவு’ என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதைப் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். வடக்குப் பிரதேசத்தின் ஆர்ன்ஹெம் நிலப்பகுதியின் கரையோரம் எல்கோ தீவில் கலிவின்கு என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் யோல்ங்கு மக்கள். 1968இல் டைபாய்டு பரவியதை அடுத்து அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட இரத்தம், கொடுத்தவர்களில் பலர் இறந்த பின்னும், ஐம்பது ஆண்டுகளாகக் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் உறைபெட்டிகளில் கிடந்தது. 1960களிலிருந்து 1990கள் வரை பல பூர்வகுடிச் சமூகங்களிடம் எடுக்கப்பட்ட சுமார் 7,000 மாதிரிகளில் அவையும் அடங்கும். இறந்தவரின் பெயரைக்கூட உரக்கச் சொல்லத் தயங்கும் சமூகம் அது. இறந்தவரின் உடலில் ஒரு துளி தன் மண்ணுக்குத் திரும்பாமல் எங்கோ இருக்கிறது என்பது அவர்களுக்கு முடியாத துக்கம். அந்தப் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடியினரே பெரும்பான்மையாக உள்ள ஆட்சிக்குழுவின் கீழ் தேசியப் பூர்வகுடி மரபணு மையம் அமைந்த பிறகுதான், அதன் பணியாளர்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் சென்று, மாதிரிகளை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். 2019இல் இருநூறுக்கும் மேற்பட்ட குப்பிகள் கலிவின்குவுக்குத் திரும்பி, சடங்குகளுடன் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன.

கட்டுரையாளர் இதையொட்டி நடந்ததையும் கவனிக்க வேண்டுகிறேன். கலிவின்கு, திவி தீவுகள், டிட்ஜிகாலா, யாரபா ஆகிய நான்கு சமூகங்களைச் சேர்ந்த 159 பேர் முழு ஒப்புதலுடன் தந்த மாதிரிகளைக் கொண்டு நடந்த மரபணு ஆய்வு, 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதில் கண்ட மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ கால் பங்கு உலகத் தரவுத்தொகுப்புகளில் அதுவரை பதிவாகாதவை. எடுத்ததை என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்டு, முறையாக ஒப்புதலும் கேட்டபோது அதே ஊரின் மக்கள் கொடுத்தார்கள் என்றால், அவர்களுக்கு இல்லாதிருந்தது எது? விழிப்புணர்வா, நம்பிக்கை வைப்பதற்கான காரணமா?

இந்த நம்பிக்கையை உண்டாக்கும் சூழலைத்தான் மருத்துவத் துறையில் ‘கல்ச்சுரல் சேஃப்டி’ என்கிறார்கள். அதைத் தமிழில் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று எழுதினால், பண்பாட்டைப் பாதுகாப்பது என்று பொருள் மயங்கக்கூடும். சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ வரும் ஒருவர் தன் அடையாளத்தை வாசலில் கழற்றி வைக்காமல், சிறுமைப்படாமல் இருக்க முடிகிறதா என்பதே அதன் உட்பொருள். நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த கருத்து இது. சூழல் பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சேவையைப் பெறுபவரே என்பது அதன் உயிர்நாடி. ஆஸ்திரேலியாவில் மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் இன்று அப்படித்தான் வரையறுக்கிறது. ஆகவே, அரைநாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஆய்வாளர், ‘எங்கள் ஆய்வு பாதுகாப்பானது’ என்று தாமே அறிவித்துக்கொள்ள இடமில்லை.

நடைமுறையில் இது மிகச் சாதாரணமான காரியங்களில் தெரியும். எந்த நோயை ஆராய்வது என்ற கேள்வியிலேயே ஊர்ப் பெரியவர்கள் இருக்க வேண்டும். பணம் ஒதுக்கி, படிவம் அச்சடித்த பிறகு அவர்களிடம் கையெழுத்துக் கேட்பதைக் கலந்தாலோசனை என்று சொல்வது தவறு. பெண்களுக்குரிய விஷயங்களைப் பெண்களே கேட்க வேண்டும். ஊரைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளருக்கு மொழிபெயர்ப்பாளர் கூலி கொடுத்து நிறுத்திவிடாமல், ஆய்வாளருக்குரிய ஊதியமும் பெயரும் கொடுக்க வேண்டும். முடிவுகளை மாநாட்டில் வாசிக்கும் முன் ஊரில் வந்து சொல்ல வேண்டும். தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மரியாதை, பரஸ்பரப் பயன், பொறுப்பு, பண்பாட்டுத் தொடர்ச்சி முதலியவற்றை ஆய்வின் அடிப்படையாகவே வைக்கின்றன. 1971இல் சிட்னி ரெட்ஃபெர்னில் தொடங்கிய முதல் பூர்வகுடி மருத்துவ நிலையத்தின் வழியில், அம்மக்களே நடத்தும் 140க்கும் மேற்பட்ட சுகாதார அமைப்புகள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. எனவே யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை என எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும், நோய் காத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பூர்வகுடி ஆண்களின் ஆயுள் மற்ற ஆஸ்திரேலியர்களைவிட 8.8 ஆண்டுகளும் பெண்களின் ஆயுள் 8.1 ஆண்டுகளும் குறைவு என்று 2020–2022க்கான அரசுப் புள்ளிவிவரம் சொல்லும்போது அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் நாங்கள் அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்பிய அந்தப் பயணத்தில் ஒரு குப்பிகூட நிரம்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தங்கள் இதழை இங்குள்ள தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் நாளை இதே ஊர்களுக்குக் குளிர்பெட்டியுடன் போகக்கூடும். ஆகவே அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இனி இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்பதோடு, மாதிரிகள் எங்கே இருக்கின்றன, அவற்றைத் திரும்பக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையும் ஆய்வாளர்களிடம் கேட்டு எழுதுமாறு தங்கள் கட்டுரையாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆராய்ச்சிச் செவிலியர்,
டார்வின்.